மண்ணில் மறைந்த நஞ்சைக் கண்ட றொபேட் கொக்

பெரியோர் வரலாறு இளைஞர்க்கு வழிகாட்டி என்பது பழைய உண்மை. எனினும் அவ்வரலாற்றை வெறும் புகழ்மாலையாகப் படிப்பதிலே பெரும்பயன் இல்லை. ஒருவர் எவ்விடத்தில் உயர்ந்தார், எவ்விடத்தில் வழுவினார் என இரண்டையும் ஒருங்கே நோக்குவோர்க்கே அது பாடமாக அமையும். இக்கருத்தோடு நாம் இவ்வாண்டு மலரில் எடுத்துக்கொள்வது ஜேர்மானிய வைத்தியரும் விஞ்ஞானியுமாகிய றொபேட் கொக் அவர்களின் வரலாறாகும். சயரோகக் கிருமியைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆயின் அவருடைய புகழுக்கு அத்திவாரமிட்டது வேறொரு நோய். அந்திராக்ஸ் என உலகம் வழங்குவதும் தமிழிலே அடைப்பான் எனப்படுவதுமாகிய கால்நடை நோயே அது. அந்நோயின் மறைவிடத்தைக் கண்டு உயிர்களைக் காக்க வழிசெய்தவர் கொக். அவர் கண்ட அதே உண்மையைக் கொண்டு பிற்காலத்தார் கொலைக்கருவி செய்தனர். ஆகவே அவர் வரலாற்றைச் சொல்லப் புகுந்தோர் இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிடுதல் முறையன்று.

சபிக்கப்பட்ட வயல்கள்

அடைப்பான் புல்மேயும் விலங்குகளைப் பற்றும் நோய். செம்மறி, மாடு, குதிரை, மான் ஆகியன அதற்கு இரையாகும். காலையிலே மேய்ந்துகொண்டு நின்ற மாடு மாலையிலே விழுந்து மடியும். மூக்கிலும் வாயிலும் கறுத்த இரத்தம் வடியும், அவ்விரத்தம் உறையாது. மண்ணீரல் வீங்கிக் கறுத்துக் காணப்படும். இதனாலேயே ஜேர்மானியர் மண்ணீரல் எரிவு எனப் பொருள்படும் பெயரை இந்நோய்க்கு இட்டனர். நோயுற்ற விலங்கின் தோலையோ உரோமத்தையோ இறைச்சியையோ கையாளும் மனிதரையும் அது பற்றும். கையிலோ முகத்திலோ கொப்புளம் ஒன்று எழுந்து, அதன் நடுவிடம் கரிபோலக் கறுத்துப் பொருக்காகும். கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அந்திராக்ஸ் என்னும் பெயர் பிறந்தது. சுவாசத்தோடு கிருமி நெஞ்சுக்குட் புகுமாயின் நோய் மிகக் கொடியதாகும். உரிய மருந்து விரைவிற் கிடையாவிடின் மரணமே பெரும்பாலும் முடிவு. இங்கிலாந்திலே பிரட்போட் நகரத்து ஆலைகளிற் கம்பளி தரம்பிரித்த தொழிலாளர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வாறு மாண்டனர். ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு இந்நோய் தொற்றுவது மிக அரிது என்பது ஓர் ஆறுதல்.

இது பழமையான நோய். விவிலியத்தின் யாத்திராகமத்திலே எகிப்தியரின் கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததாக வரும் செய்தி இதனையே குறிக்கலாம் என்று கருதும் அறிஞர் உளர். பிரான்சு நாட்டுக் குடியானவரோ சில நிலங்களைச் சபிக்கப்பட்ட வயல்கள் என்றே அழைத்தனர். புல் செழித்து நிற்கும்; நீரும் நல்லதாய் இருக்கும்; ஆயினும் அங்கே மேய்ந்த ஆடுகள் மடியும். அவ்வயலைப் பல ஆண்டு வெறுமனே விட்டுப் பின்னர் மந்தையை ஓட்டிச் சென்றாலும் மடியும். நோயுற்ற விலங்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் நோய் எங்கிருந்து வந்தது? குடியானவன் அதனைச் சாபம் என்றான். கற்றவரோ மண்ணிலிருந்து எழும் கெட்ட ஆவி என்றனர். இரண்டும் அறியாமைக்கு இட்ட இரு பெயர்கள்.

கொக்குக்கு முன்னரும் இந்நோயை ஆராய்ந்தோர் இருந்தனர். பிரெஞ்சு வைத்தியராகிய டவேன் என்பார், இந்நோயால் இறந்த விலங்குகளின் இரத்தத்திலே மிகச் சிறிய கோல்போன்ற உருக்களைக் கண்டு, நோய்க்குக் காரணம் அவையே என 1863இல் வாதித்தார். ஆனால் அக்கோல்கள் உடலுக்கு வெளியே சில நாட்களில் அழிந்துவிடுவன. அங்ஙனமாயின் வயல்கள் பல்லாண்டு நஞ்சுடையனவாய் இருப்பது எவ்வாறு என்று பிறர் கேட்டபோது அவரால் விடைகூற முடியவில்லை. அவ்விடையைக் கூறப் பிறந்தவரே றொபேட் கொக்.

இளமையும் கல்வியும்

ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலே கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கொக் பிறந்தார். தந்தையார் சுரங்கத்துறையில் உத்தியோகம் வகித்தவர். பிள்ளைகள் பதின்மூவரைக் கொண்ட அப்பெருங் குடும்பத்திலே கொக் மூன்றாமவர். ஐந்து வயது நிரம்புமுன்னரே பத்திரிகைகளை வைத்துத் தாமாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்பர். பாசி, பூச்சி, கல் முதலியவற்றைத் தேடிச் சேர்ப்பதும், கடல்கடந்து தூரதேசங்களைக் காணவேண்டும் என்று கனவு காண்பதும் அவருடைய இளமைக்கால இயல்புகள்.

1862இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மருத்துவம் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவருள் யாக்கோப் ஹென்லே ஒருவர். தொற்றுநோய்களுக்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத உயிர்களே என்று 1840இலேயே எழுதியவர் அவர். அக்கொள்கையை மெய்ப்பிக்க அக்காலத்திற் போதிய கருவி இல்லை. ஆசிரியர் விதைத்தது மாணாக்கரிடத்திலே முளைத்தது.

1866இல் வைத்தியப் பட்டம் பெற்ற கொக் மறு ஆண்டு எமி பிராட்ஸ் என்பாரை மணந்தார். குடும்பம் என்று வந்தபின் கடற்பயணக் கனவை மறக்க வேண்டியதாயிற்று. சிற்றூர் சிற்றூராய் மாறி வைத்தியத் தொழில் நடத்தினார். 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது இராணுவ வைத்தியராய்த் தொண்டாற்றினார். போர் முடிந்தபின், 1872இல், வொல்ஸ்ரைன் என்னும் சிற்றூருக்கு மாவட்ட வைத்திய அதிகாரியாக நியமனம் பெற்றார். இன்று போலந்து நாட்டில் உள்ளது அவ்வூர்.

திரைக்குப் பின்னால் ஓர் ஆய்வுகூடம்

வொல்ஸ்ரைனிலே கொக்குக்குக் கிடைத்த வசதிகள் யாவை? பல்கலைக்கழகம் இல்லை, நூல்நிலையம் இல்லை, கலந்து பேசுதற்கு ஒத்த அறிஞர் இல்லை. பகல் முழுவதும் நோயாளர். நோயாளரைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியைத் திரையிட்டு மறைத்து, அதனையே தம் ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். அவரிடம் இருந்த சிறந்த கருவி ஒரு நுணுக்குக்காட்டி. அதனை அவருடைய பிறந்தநாட் பரிசாக மனைவியார் வாங்கிக் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அச்சுற்றுவட்டாரத்து மந்தைகளிலே அடைப்பான் அடிக்கடி தோன்றியமையால் ஆராய்ச்சிக்கான பொருள் அவருடைய வாசலிலேயே கிடந்தது.

நோயால் இறந்த விலங்கின் இரத்தத்தைச் சுண்டெலியின் உடலிற் புகுத்த ஊசியும் அவரிடம் இல்லை. மரச்சிராய் ஒன்றைச் சீவிச் சூடேற்றித் தூய்மையாக்கி, அதன் நுனியில் இரத்தத்தைத் தொட்டு, எலியின் வாலடியிற் கீறிய சிறு வெட்டில் வைத்தார். மறுநாள் எலி இறந்து கிடந்தது. அதன் மண்ணீரலிலே அதே கோல்கள் நிறைந்திருந்தன. அவ்வெலியிலிருந்து அடுத்த எலிக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்குமாகப் பல எலிகளுக்கு மாற்றினார். ஒவ்வொன்றும் அதே நோயாலேயே இறந்தது. ஒவ்வொன்றிலும் அதே கோல்களே காணப்பட்டன. தொடக்கத்திற் புகுத்திய இரத்தத்தில் ஏதாவது நஞ்சு இருந்திருப்பின் இத்தனை மாற்றங்களிலே அது கரைந்து ஒன்றுமில்லாமற் போயிருக்கும். போகவில்லை என்றால் பெருகுவது ஏதோ ஓர் உயிரே ஆதல் வேண்டும்.

உயிராயின் அது வளர்வதைக் கண்ணாற் காணவேண்டும் என்று கொக் எண்ணினார். மாட்டின் கண்ணினுள் இருக்கும் தெளிந்த நீரைத் துளியாக எடுத்துக் கண்ணாடித் தட்டில் இட்டு, நோயுற்ற மண்ணீரலின் சிறு துணுக்கை அதிற் சேர்த்து, உடற்சூட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியினூடே மணிக்கணக்காக நோக்கியிருந்தார். கோல்கள் நீண்டன, நூல்போலாயின, ஒன்றோடொன்று பின்னின. பின்னர் அவர் கண்டதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. அந்நூல்களினுள்ளே மணி கோத்தாற்போல ஒளிவிடும் சிறு முட்டையுருக்கள் தோன்றின. நூல்கள் அழிந்தன, மணிகள் எஞ்சின. அம்மணிகளை உலர்த்தி வைத்துப் பின்னர் புதிய கண்ணீர்த் துளியில் இட்டபோது, அவை மீண்டும் முளைத்துக் கோல்களாயின. அவற்றை எலிக்குப் புகுத்த எலி இறந்தது.

இம்மணிகளையே நாம் வித்திகள் என்கின்றோம். கோடையிற் புல் கருகிவிடினும் அதன் வித்து மண்ணிற் கிடந்து மாரியிலே முளைப்பதுபோல, இக்கிருமியும் தனக்குக் காலம் தவறும்போது தடித்த உறைபூண்டு உறங்குகின்றது. உணவு வேண்டாது, நீர் வேண்டாது, வெயிலும் குளிரும் அதனை எளிதில் அழிக்கமாட்டா. பல பத்தாண்டுகள் மண்ணிற் கிடந்தபின்னும் புல்லோடு விலங்கின் உடலிற் புகுமாயின் விழித்தெழும். இறந்த விலங்கின் இரத்தம் நிலத்திற் சிந்திக் காற்றுப் படும்போதே வித்திகள் உண்டாகின்றன. ஆதலால் அடைப்பான் கண்ட விலங்கை வெட்டித் திறத்தலாகாது, திறவாதவாறே எரித்தல் நன்று என்ற இன்றைய கால்நடை வைத்திய விதிக்கு அடிப்படை இதுவே. சபிக்கப்பட்ட வயல்களின் சாபமும் இவ்வாறு நீங்கிற்று. மண்ணிலே ஆவி இல்லை, வித்து இருந்தது.

பிரெஸ்லௌவில் மூன்று நாட்கள்

இவ்வளவும் கண்ட சிற்றூர் வைத்தியர் என்ன செய்தார்? உடனே பத்திரிகைக்கு எழுதிப் புகழ் தேடவில்லை. அயலில் இருந்த பிரெஸ்லௌ பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் பேர்டினந்து கோன் என்பாருக்கு 1876 ஏப்ரில் மாதத்திலே கடிதம் எழுதித் தம் முடிபுகளைப் பரிசோதிக்குமாறு வேண்டினார். கோன் நுண்ணுயிர்களை நன்கு ஆராய்ந்தவர். இத்தகைய கடிதங்கள் அவருக்குப் புதியனவல்ல; பெரும்பாலானவை பயனற்றவை. எனினும் வரச்சொன்னார்.

கொக் தம் நுணுக்குக்காட்டியையும் கண்ணாடித் தட்டுகளையும் எலிகளையும் சுமந்துகொண்டு அம்மாத இறுதியிலே பிரெஸ்லௌ சென்றார். மூன்று நாட்களாக, பேராசிரியர்களின் கண்முன்னே, கோல் நூலாவதையும் நூல் வித்தியாவதையும் வித்தி மீண்டும் கோலாவதையும் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினார். தம் கருவிகளை ஒளிக்கவில்லை, முறைகளை மறைக்கவில்லை, கேட்ட வினாக்களுக்கெல்லாம் எலியையும் கண்ணாடியையும் கொண்டே விடை பகர்ந்தார். நோயியற் பேராசிரியர் கோன்ஹைம் தம் உதவியாளரை அழைத்து, செய்யும் வேலைகளை விட்டுவிட்டு அங்கே சென்று பார்க்குமாறு பணித்தார் என்பர். அவ்வாண்டே கோன் தாம் நடத்திய தாவரவியல் ஏட்டிலே கொக்கின் கட்டுரையை வெளியிட்டார். குறித்த ஒரு கிருமி குறித்த ஒரு நோயை உண்டாக்குகின்றது என்பதை ஐயந்திரிபற நாட்டிய முதல் ஆராய்ச்சி அதுவே. அப்பொழுது கொக்குக்கு வயது 32.

இந்த மூன்று நாட்களை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெயரும் பதவியும் இல்லாத ஒருவர் சொல்லை உலகம் ஏற்றதற்குக் காரணம், அவர் எல்லாவற்றையும் திறந்து வைத்ததே. பிறர் பரிசோதிக்கத் தக்கதாய் அறிவை வெளியே வைக்கும் இப்பண்பு, பின்னால் ஒருமுறை அவரைக் கைவிட்டது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

பாஸ்ரருடன் பகை

அடைப்பானுக்குக் காரணம் கண்டவர் கொக் என்றால், அதற்குத் தடுப்பூசி கொண்டு வந்து நாடறியச் செய்தவர் பிரெஞ்சுப் பேரறிஞர் லூயி பாஸ்ரர். 1881 மே மாதத்திலே பூயி-லெ-போர் என்னும் இடத்தில் அவர் ஊரறியப் பரிசோதனை ஒன்று நடத்தினார். வலுக்குறைத்த கிருமியை ஒரு தொகுதி ஆடுகளுக்கு இருமுறை புகுத்தினார். மற்றொரு தொகுதிக்கு ஒன்றும் செய்யவில்லை. பின்னர் எல்லாவற்றுக்கும் கொடிய கிருமியைப் புகுத்தினார். ஜூன் 2ஆம் நாள் வந்து பார்த்தோர், தடுப்பூசி பெற்ற ஆடுகள் மேய்ந்து நிற்பதையும் பெறாதவை மடிந்தும் மடிந்துகொண்டும் கிடப்பதையும் கண்டு வியந்தனர்.

இவ்விரு பெரியாரும் ஒருவரையொருவர் போற்றியிருக்க வேண்டும். போற்றவில்லை. 1870ஆம் ஆண்டுப் போரின் புண் இரு நாட்டாரிடத்தும் ஆறவில்லை. போரின் விளைவாகப் பாஸ்ரர் தமக்கு ஜேர்மனியப் பல்கலைக்கழகம் ஒன்று வழங்கிய கௌரவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பியவர். கொக்கோ பாஸ்ரரின் தடுப்பூசி தூய்மையற்றது என்று கடுமையாகத் தாக்கி எழுதினார். 1882இல் ஜெனீவாவிலே இருவரும் ஒரே மகாநாட்டில் இருந்தபோது, பாஸ்ரர் ஜேர்மானிய நூற்றொகுதி என்று பிரெஞ்சு மொழியிற் கூறியதை, ஜேர்மானியச் செருக்கு என்று கூறியதாகக் கொக் செவிமடுத்துச் சினந்தெழுந்தார் என்றொரு செய்தி வழங்குகின்றது. அறிவுக்குத் தேசமில்லை எனலாம். அறிஞர்க்குத் தேசம் உண்டு. அப்பகையிலே பிற்காலத்துக் கேட்டின் நிழலைக் காண்கின்றோம்.

பேர்லினும் சயரோகமும்

1880இலே கொக் பேர்லின் நகரத்துப் பேரரசுச் சுகாதாரப் பணிமனைக்கு அழைக்கப்பட்டார். சிற்றூர் வைத்தியருக்கு இப்பொழுது ஆய்வுகூடமும் உதவியாளரும் கிடைத்தனர். கிருமிகளை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே வளர்த்தற்கு முதலில் அவித்த உருளைக்கிழங்குத் துண்டையும் பின்னர் செலற்றீனையும் பயன்படுத்தினார். செலற்றீன் சூட்டில் உருகிவிடும். உதவியாளர் ஒருவரின் மனைவியாராகிய ஃபனி ஹெஸ்ஸே என்பார், தம் சமையலறையில் இனிப்புப் பண்டம் உறையச் சேர்க்கும் அகர் என்னும் கடற்பாசிப் பொருளைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துக் கூறினார். யாவாத் தீவில் வாழ்ந்திருந்த அயலவரிடம் கற்ற சமையல் முறை அது. கீழைத்தேசத்து அடுக்களைப் பொருளொன்று இவ்வாறு உலகத்து ஆய்வுகூடங்கள் அனைத்திலும் இடம்பெற்றது. இன்றும் அதுவே பயன்படுகின்றது.

1882 மார்ச்சு 24ஆம் நாள் மாலை, பேர்லின் உடற்றொழிலியற் கழகத்திலே, சயரோகத்தின் காரணம் ஒரு கோலுருக் கிருமியே எனக் கொக் நிலைநாட்டினார். அக்காலத்து மரணங்களில் ஏழில் ஒன்று அந்நோயாலே நிகழ்ந்தது என அவர் கணக்கிட்டார். பரம்பரைக் குறை என்றும் விதி என்றும் கருதப்பட்ட நோய்க்கு அன்று பகைவன் யாவன் எனத் தெரிந்தது. இன்று மார்ச்சு 24ஆம் நாளை உலகம் சயரோக தினமாகக் கொண்டாடுவது இதனாலேயே.

அடுத்து 1883இல் எகிப்து நாட்டில் வாந்திபேதி பரவவே, கொக் தம் குழுவினருடன் அலெக்சாந்திரியா சென்றார். பாஸ்ரரின் மாணாக்கர் குழுவும் அங்கே வந்திருந்தது. அவர்களுள் துயிலியே என்னும் இளைஞர் அந்நோயாலேயே இறந்தபோது, கொக் தம் குழுவினருடன் சென்று இறுதி மரியாதை செலுத்தினார். பகையை மரணம் ஒருநாள் மறக்கச் செய்தது. பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, குளத்து நீரையும் நோயாளரையும் ஆராய்ந்து, வாந்திபேதிக் கிருமியை 1884இல் உறுதிசெய்தார். குளிப்பதும் குடிப்பதும் ஒரே குளத்தில் என்ற வழக்கமே நோயைப் பரப்பியது என்பது நம்மனோர் மறக்கத்தகாத பாடம். அக்கிருமியை இத்தாலியராகிய பசினி 1854இலேயே கண்டிருந்தார் என்பதையும், உலகம் அவரைக் கவனியாது விட்டதையும் இங்கே குறிப்பிடுதல் நீதியாகும்.

மறைத்த மருந்து

1890 ஆகஸ்டிலே பேர்லினில் அனைத்துலக வைத்திய மகாநாடு நடந்தது. சயரோகக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டுள்ளதாகக் கொக் அங்கே அறிவித்தார். அதுவே தியூபர்க்குலின். உலகம் முழுவதிலுமிருந்து நோயாளர் பேர்லினுக்குத் திரண்டனர். சத்திரங்களிலே இடமில்லை. ஆனால் அம்மருந்து எதனாற் செய்யப்பட்டது என்பதைக் கொக் வெளியிடவில்லை. பிரெஸ்லௌவிலே யாவற்றையும் திறந்து காட்டியவர் பேர்லினிலே மூடி வைத்தார்.

முடிவு துன்பமானது. மருந்து நோயைக் குணமாக்கவில்லை. பலருக்கு நோய் முற்றியது, சிலர் இறந்தனர். இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்த பேராசிரியர் விர்க்கோ, நோய் உடலெங்கும் பரவியிருந்ததை வெளிப்படுத்தினார். 1891இல் அப்பொருள் இன்னதென்று கொக் கூறியபோது, அது சயரோகக் கிருமியின் கிளிசரின் சாரமே எனத் தெரிந்தது. நோய் உடலிற் புகுந்துள்ளதா என்று சோதிக்கும் தோற்சோதனைக்குப் பின்னால் அதே பொருள் பயன்பட்டது மெய்யே. ஆயினும் நம்பி வந்து மாண்டோருக்கு அதனால் என்ன பயன்?

1906ஆம், 1907ஆம் ஆண்டுகளிலே கிழக்காபிரிக்காவில் உறக்கநோயை ஆராயச் சென்றபோதும் இத்தகைய குறை நேர்ந்தது. ஆசனிக்குச் சேர்ந்த அற்றொக்சில் என்னும் மருந்தை அங்குள்ள மக்களுக்கு மிகுந்த அளவிற் கொடுத்தார். பலருடைய கண்ணொளி மீளாதவாறு அவிந்தது. ஐரோப்பியருக்கு அவ்வாறு கொடுக்கத் துணிந்திருப்பாரா என்று இன்றைய வரலாற்றாசிரியர் கேட்கின்றனர். குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றலாகிய நாம் அவ்வினாவைப் புறந்தள்ளுதல் இயலாது.

இக்குறைகளால் அவருடைய தொண்டு அழிந்துவிடவில்லை. பேரிங், ஏர்லிக், ஜப்பானியராகிய கித்தசாத்தோ முதலிய பேரறிஞர் அவருடைய நிலையத்திலே உருவாயினர். 1905இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. 1910 மே 27ஆம் நாள் பாடன்-பாடன் நகரிலே உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி அவர் பெயராலே விளங்கும் பேர்லின் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது. கித்தசாத்தோ தம் குருவின் நினைவாகத் தோக்கியோவிலே கோயில் ஒன்று அமைத்து வணங்கினார். குருபக்தி நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வித்து ஆயுதமான வரலாறு

கொக் மறைந்து சில ஆண்டுகளிலேயே அவர் கண்ட கிருமி போருக்கு அழைக்கப்பட்டது. முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1915இல், அன்ரன் டில்கர் என்னும் வைத்தியர் ஐக்கிய அமெரிக்காவிலே தம் வீட்டின் கீழறையில் அடைப்பான் கிருமியை ஜேர்மனிக்காக வளர்த்தார். நேசநாடுகளுக்கு அனுப்பவிருந்த குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொல்லுவதே நோக்கம். இத்தகைய போர்முறையை 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை விலக்கியது. எனினும் இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய இராணுவத்தின் 731ஆம் பிரிவு மஞ்சூரியாவிலே கைதிகளின் உடலில் அடைப்பான் முதலிய நோய்களைப் புகுத்திப் பரிசோதித்தது.

பிரித்தானியரும் சும்மா இருக்கவில்லை. 1942இல் ஸ்கொத்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள குறினாட் என்னும் சிறு தீவிலே ஆடுகளைக் கட்டிவைத்து வித்தி நிறைத்த குண்டுகளை வெடித்துப் பார்த்தனர். ஆடுகள் சில நாளில் மடிந்தன. தீவோ அதன்பின் மனிதர் காலடி வைக்கலாகாத நிலமாயிற்று. 1986இல் மண்ணைக் கடல்நீரிற் கலந்த போமலினால் நனைத்துத் தூய்மை செய்து, 1990இலேயே அபாயமற்றது என அறிவித்தனர். போர் முடிந்து நாற்பத்தைந்து ஆண்டு கழிந்தும் குண்டு ஓயவில்லை. பிரெஞ்சுக் குடியானவன் தேடிய சபிக்கப்பட்ட வயலை இம்முறை மனிதனே தன் கையால் உண்டாக்கினான்.

1972இல் உயிரியல் ஆயுதங்களை ஆக்குவதும் சேமிப்பதும் விலக்கும் சருவதேச உடன்படிக்கை கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு, 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதிற் சேர்ந்துள்ளது. கையொப்பமிட்ட சோவியத்து ஒன்றியமோ இரகசியமாய்த் தொடர்ந்து செய்தது. 1979 ஏப்ரிலில் ஸ்வேட்லொவ்ஸ்க் நகரத்து இராணுவ நிலையமொன்றிலிருந்து வித்திகள் காற்றிற் கசிந்தன. குறைந்தது 66 பேர் இறந்தனர். கெட்ட இறைச்சி உண்டதால் இறந்தனர் என அரசு பல்லாண்டு சாதித்தது. 1992இலேயே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் அங்குச் சென்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், இறந்தோர் அன்று நின்ற இடங்களை வரைபடத்திற் குறித்துப் பார்க்க, அவை பெரும்பாலும் காற்று வீசிய திசையிலே ஒரே நேர்கோடாய் அமைந்திருந்தன.

2001இலே ஐக்கிய அமெரிக்காவில் வித்தித்தூள் அடங்கிய கடிதங்கள் தபாலில் அனுப்பப்பட்டன. 22 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். இறந்தோருள் தபால் ஊழியரும் உளர். அந்நாட்டு இராணுவ ஆய்வுகூடத்து விஞ்ஞானி ஒருவரே அதனைச் செய்தவர் எனப் புலனாய்வாளர் முடிவு கூறினர். வழக்கு நடக்குமுன் அவர் இறந்தமையால் அம்முடிவு நீதிமன்றத்திலே சோதிக்கப்படவில்லை.

நாம் கொள்ளத்தக்க பாடம்

பாற்கடலைக் கடைந்த கதையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். ஒரே கடலை, ஒரே மத்தினால், ஒரே கயிற்றைக் கொண்டு கடைந்தபோது அமுதமும் எழுந்தது, ஆலகாலமும் எழுந்தது. விஞ்ஞானம் என்னும் கடைதலும் அத்தகையதே. வித்தி நெடுங்காலம் அழியாது என்னும் ஒரே உண்மை கொக்கின் கையிலே மந்தையைக் காக்கும் விதியாயிற்று. படைத்தலைவர் கையிலே தீவைக் கெடுக்கும் குண்டாயிற்று. நஞ்சு எழுமோ என்று அஞ்சிக் கடையாது விடுவதும் வழியன்று. கடையாதிருந்தால் வயல்கள் இன்றும் சபிக்கப்பட்டனவாகவே கிடந்திருக்கும். 2016இலே சைபீரியாவின் யமால் பகுதியில் அடைப்பான் தோன்றி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கலைமான்களும் ஒரு சிறுவனும் மாண்டபோது, உறைநிலம் உருகியதால் பழைய வித்திகள் விழித்தன என்று அறிஞர் கருதினர். நோய் இன்னதென உடனே அறிந்து, பென்சிலின் முதலிய மருந்துகளாலும் தடுப்பூசியாலும் பலரைக் காக்க முடிந்ததும் அதே அறிவினால் அன்றோ?

நஞ்சையும் அமுதையும் பிரிப்பது எது? கொக்கின் வாழ்க்கையே இதற்கு விடை கூறுகின்றது. பிரெஸ்லௌவிலே பலர் கண்முன் திறந்து வைத்த அறிவு உலகத்தைக் காத்தது. பேர்லினிலே மூடிவைத்த அறிவு நம்பினோரைக் கொன்றது. டில்கரின் கீழறை, மஞ்சூரியாவின் சிறை, ஸ்வேட்லொவ்ஸ்க்கின் மதில் ஆகிய யாவும் பிறர் காணாவாறு மறைத்த இடங்களே. தான் செய்வதைப் பிறர்முன் சொல்லக் கூசும் விஞ்ஞானி தன் மனச்சாட்சியை ஏற்கனவே விற்றுவிட்டான் எனலாம். கொலைக்கருவியின் செய்முறையை ஊரெல்லாம் பரப்புக என்று நாம் கூறவில்லை. ஓர் ஆய்வுகூடத்திலே என்ன நடக்கின்றது, யாருக்காக நடக்கின்றது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கவேண்டும், அதற்கு விடைகூறும் கடமை அறிஞருக்கு இருக்கவேண்டும் என்றே கூறுகின்றோம்.

நம் சங்கத்து இளைஞர் பலர் வைத்தியத்துறையிலும் விஞ்ஞானத்துறையிலும் புகவுள்ளனர். வசதி இல்லை, கருவி இல்லை, சிற்றூரிற் பிறந்தோம் என்று அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் மரச்சிராயைச் சீவிக்கொண்டிருந்த வொல்ஸ்ரைன் வைத்தியரை நினைவு கூர்வாராக. பேரும் பதவியும் பெற்றபின்னர் எதையேனும் ஒளிக்கத் தோன்றும்போது தியூபர்க்குலினை நினைவு கூர்வாராக. மூத்தோரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. பிள்ளை எவ்வளவு கற்றான், எவ்வளவு உழைக்கின்றான் என்று கேட்பதோடு நில்லாது, அவன் கற்றதை எதற்குப் பயன்படுத்துகின்றான் என்றும் கேட்டருளுக. அக்கேள்வி வீட்டிலே எழுமாயின் நாட்டிலும் எழும். நாட்டில் எழுமாயின் கடலில் எழும் நஞ்சு கரையேறாது.